பந்தடிப்பவனுக்கு இபிஎஃப் உண்டா?

பினாங்கில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றால் வீட்டுப் பெரியவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்பார்கள். "இபிஎஃப் பிடிக்கிறாங்களா?" ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951-இல் வந்தது. மூன்று தலைமுறைக்குள் அது நம் பேச்சில் உத்தியோகத்தின் உரைகல்லாகிவிட்டது. பிடித்தம் உண்டென்றால் வேலை. இல்லையென்றால் கைநிறைய வந்தாலும் "ஏதோ செஞ்சிக்கிட்டிருக்கான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தக் கேள்வியை ஒரு கைப்பந்து ஆட்டக்காரனிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

யோசிக்க வைத்த இடம் பாயான் லெப்பாஸ். 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்து குவிந்த வட்டாரம் அது. அங்கே தொழிலாளர் விடுதி ஒன்றின் பின்புறம், சிமெண்டு ஊற்றிய இரண்டு லாரி டயர்களில் இரும்புக் குழாய்களை நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். மாலை நான்கரைக்கு மேல் ஆட்டம் சூடு பிடிக்கும். ஆடுபவர்களில் பாதிப் பேர் நேப்பாளிகள். மிச்சம் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நம்மவர் இருவர் மூவர். பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டராக நின்ற நேப்பாளிக்கு முப்பது வயதிருக்கும். இடக்கை மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். பந்து எந்தக் கோணத்தில் வந்தாலும் அவருடைய விரல்களைத் தொட்ட சத்தம் கேட்காது. கத்துக்குட்டிகள் பந்தைத் தொட்டால் 'டப்'பென்று கேட்கும், தேர்ந்தவன் தொட்டால் கேட்காது. பந்து போய் நின்ற இடத்தைப் பார்த்துத்தான் அவர் அதைத் தொட்டதே தெரிந்தது. நேப்பாளம் 2017-இல் கைப்பந்தைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. இலங்கை அதற்கு முன்பே, 1991-இல் அறிவித்துவிட்டது. தன் நாட்டின் தேசிய விளையாட்டை இவ்வளவு நேர்த்தியாக ஆடும் ஒருவர் எங்கள் தீவில் சம்பளம் வாங்குவது சிப்பு சோதிக்கும் இயந்திரத்துக்கு முன் நிற்பதற்காக.

மலாய்க்காரர்கள் இந்த ஆட்டத்தை 'போலா தம்பார்' என்பார்கள். தம்பார் என்றால் அறை. யாழ்ப்பாணத்தாருக்குக் கரப்பந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாலிபால், நமக்குக் கைப்பந்து. வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அறைபவனைப் பார்த்தவர்களுக்கு மலாய்ப் பெயரே பொருத்தமாகப் படும்.

விளையாட்டில் பெயர் வாங்காத ஊரில்லை எங்களுடையது. 1953, 1954, 1956, 1957 என நான்கு முறை அனைத்து இங்கிலாந்துப் பூப்பந்து ஒற்றையர் பட்டம் வென்ற எடி சூங் பினாங்குக்காரர். உலகத் தரவரிசையில் முதலிடத்தை இடைவிடாமல் ஒன்பது ஆண்டுகள் பிடித்து வைத்திருந்த ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் 1983-இல் இங்கே பிறந்தவர். லீ சோங் வெய் வளர்ந்தது கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில். இந்த மூவருக்கும் செலவுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் விளையாட்டு எப்படித் தொழிலானது என்ற வரலாறே வந்துவிடும். எடி சூங்குக்கு வசதியான குடும்பம். அவர் காலத்தில் பூப்பந்து ஆடிப் பணம் வாங்குவதே விதிக்குப் புறம்பு. லீ சோங் வெய்யை வளர்த்து ஆளாக்கியது தேசியப் பூப்பந்துச் சங்கம். நிக்கோல் 2000-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் லிஸ் இர்விங்கிடம் பயிற்சி எடுத்தார். எட்டு உலகப் பட்டங்களுக்கும் வழி அங்கிருந்துதான் திறந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மட்டை, ஒரு பயிற்சியாளர், ஒரு விமானச் சீட்டு. தனியாள் விளையாட்டில் உலகத் தரவரிசைப் பட்டியலில் ஊர் பார்த்து இடம் கொடுப்பதில்லை.

கைப்பந்தில் அந்த வழி அடைப்பு. பந்தை ஒருவர் இரண்டு முறை தொடர்ந்து தொடக்கூடாது. மூன்று தொடுதலுக்குள் வலையைத் தாண்டியாக வேண்டும். கால்பந்தில் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு நாலு பேரை ஏய்க்கலாம். இங்கே பந்து கையில் தங்குவதே கிடையாது. எத்தனை உயரம் எழும்பினாலும் எடுத்துக் கொடுப்பவன் சரியில்லையென்றால் காற்றைத்தான் அறைய வேண்டும். ஆகவே ஒரு கைப்பந்து ஆட்டக்காரன் தொழில்முறைக்குப் போவதென்றால் அவனோடு குறைந்தது ஐந்து பேராவது தொழில்முறைக்காரர்களாக இருந்தாக வேண்டும். எதிர்ப்பக்கம் ஆறு பேர். மாற்று ஆட்டக்காரர், பயிற்சியாளர், நடுவர், மண்டபம், டிக்கெட் வாங்க ஆள். இத்தனையும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் சேர வேண்டும். சேராத ஊரில் பிறந்தவன் சேர்ந்திருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டும்.

அப்படிப் போன முதல் இந்தியர் கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்தவர்.

ஜிம்மி ஜார்ஜ் பிறந்தது 1955 மார்ச் 8. வீட்டில் பத்துப் பிள்ளைகள், அதில் எட்டுப் பேர் ஆண். எட்டுப் பேரையும் கைப்பந்து ஆட வைத்தவர் தகப்பனார். ஆறு பேர் களத்தில், இரண்டு பேர் வெளியே மாற்றாக என்று ஒரு முழு அணியே ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டு வளர்ந்தது. மேலே சொன்ன தடை, அதாவது நல்ல ஆட்டக்காரனுக்கு இன்னும் ஐந்து நல்ல ஆட்டக்காரர் வேண்டும் என்பது, இந்த வீட்டில் மட்டும் பிறப்பிலேயே நீங்கிவிட்டது. இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்பவர்கள் ஜிம்மியின் உயரத்தாவலை வியப்பார்கள். எனக்கு வியப்பு, தாவுவதற்கு முன் பந்தைத் தூக்கிக் கொடுக்க வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தது. தம்பிகளில் ஒருவர் ராபர்ட் பாபி ஜார்ஜ், நீளந்தாண்டும் வீராங்கனை அஞ்சுவின் கணவரும் பயிற்சியாளரும்.

பதினாறு வயதில் கேரள மாநில அணி. பாலா புனித தாமஸ் கல்லூரியில் சேர்ந்து கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டு. 1976-இல் அர்ஜுனா விருது வாங்கியபோது வயது இருபத்தொன்று. அதே ஆண்டு கேரளக் காவல்துறையில் சேர்ந்தார். இதுவரை எந்த இந்தியக் கைப்பந்து ஆட்டக்காரரின் கதையும் இப்படித்தான் போகும்: கல்லூரி, மாநிலம், தேசம், பிறகு ஒரு சீருடை அல்லது ஒரு மேசை. பெரும்பாலோருக்கு இதுவே முடிவும் கூட.

ஜிம்மிக்கு இதற்குப் பிறகுதான் புதுக்கதை. 1979 முதல் 1982 வரை அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்து ஆட வைத்தது. வருடத்தைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பணம் வளைகுடாவில் பாய்ந்து, மலபாரின் வீட்டுக்கொரு பையன் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். கொத்தனாரும் தட்டச்சரும் ஓட்டுநரும் போன அதே விமானத்தில், அதே காரணத்துக்காக, கைப்பந்து அடிப்பவரும் போனார். எங்கள் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியதற்கும் இதற்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. உழைப்புக்கு விலை எங்கே இருக்கிறதோ அங்கே போவது. இந்தியாவின் முதல் தொழில்முறைக் கைப்பந்து ஆட்டக்காரர் என்ற பட்டத்துக்கு அடியில் ஒரு வளைகுடாத் தொழிலாளி இருக்கிறார் என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

அங்கிருந்து 1982-இல் இத்தாலி, திரெவிசோ அணி. உலகின் சிறந்த கைப்பந்து லீக்காக இத்தாலி உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவின் கார்ச் கிரலி, அந்த ஆட்டத்தின் பெரும் பெயர்களில் ஒருவர், இத்தாலிக்கு ஆட வந்தது 1990-இல். ஜிம்மி அவருக்கு எட்டு ஆண்டு மூத்த வரவு. இடையில் ஊர் திரும்பியும் மீண்டும் போயும், கடைசியாக பிரெஷா மாவட்டத்தின் மோந்திகியாரி என்ற சிற்றூரின் அணிக்கு ஆடினார். இத்தனைக்கும் நடுவில் 1986-இல் சோலுக்குப் போய் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கித் தந்த அணியில் ஒருவராகவும் இருந்தார். அந்த அணியில் இன்னொருவர் பி.வி. ரமணா. இன்று அவரைப் பூப்பந்து வீராங்கனை சிந்துவின் தந்தை என்றால்தான் பலருக்குத் தெரியும். இந்திய ஆண்கள் அணி ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கியது அதோடு சரி.

1987 நவம்பர் 30. இத்தாலியில் கார் விபத்து. ஜிம்மிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. அது எதிர்பார்க்கக்கூடியது. கேரள அரசு தன் மகனுக்குச் செய்தது. மோந்திகியாரியில் இருப்பதுதான் என்னைப் பலநாள் தொந்தரவு செய்தது. அந்த ஊர் பின்னாளில் கட்டிய பெரிய விளையாட்டு அரங்கத்துக்குப் 'பாலாஜார்ஜ்' என்று பெயர். 'பாலா' என்பது இத்தாலியில் அரங்கங்களுக்கு வைக்கும் முன்னொட்டு, பின்பாதி பேராவூர்க்காரர். தங்களுக்குச் சொற்ப காலம் கூலிக்கு ஆடிய ஒரு மலையாளியின் பெயரை ஓர் இத்தாலிய ஊர் தன் அரங்கத்தின் நெற்றியில் எழுதிவைத்தது. அபுதாபியிலும் கேரளக்காரர்களின் சங்கம் அவர் நினைவாக ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. பணம் கொடுத்து ஆட அழைத்த இரண்டு இடங்களும் அவரை வந்துபோன ஆளாக வைத்திருக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்கிறேன். ஒப்பந்த ஆட்டக்காரனுக்கு ஊர்ப்பற்று இருக்காது என்று நம்மூர் விளையாட்டுச் சங்கங்களில் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களை ஒருநாள் மோந்திகியாரிக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஜிம்மி விதிவிலக்கு. விதி எப்படி இருந்தது?

கைப்பந்து 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்தது. கூடைப்பந்து உடம்பை முறிக்கிறது என்று அலுத்துக்கொண்ட நடுவயது வணிகர்களுக்காக யோசித்த ஆட்டம். ஆசியாவுக்கு அதைத் தூக்கி வந்ததும் ஒய்.எம்.சி.ஏ.தான். பிலிப்பைன்ஸ் வழி வந்த ஆட்டத்தில் முதலில் பக்கத்துக்குப் பதினாறு பேர், பிறகு பன்னிரண்டு, 1927-க்குப் பின் ஒன்பது. பந்தை உயரத் தூக்கி ஓங்கி அறையும் உத்தியே பிலிப்பினோக்கள் கொடுத்தது. கொழும்பில் 1916, மதராஸில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி என்று அதே இயக்கத்தின் கிளைகள். காசுக்கு ஆடுவதை அந்த இயக்கம் ஒருபோதும் நினைத்ததில்லை. உடலும் மனமும் ஆன்மாவும் செம்மைப்படவே ஆட்டம். கைப்பந்துக்காரனின் சம்பளப் பிரச்சினைக்கு வேர் அங்கே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தியா ஆறு பேர் ஆட்டத்துக்கு விரைவாகவே மாறியது. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் ஜப்பானுக்கு அடுத்து வெள்ளி. அர்ஜுனா விருது 1961-இல் தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதை வாங்கியவர் ஏ. பழனிசாமி. பிறகு 1982-இல் தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரன், ஆட்டக்காரராகவும் பின்னர் தேசிய அணியின் பயிற்சியாளராகவும். இந்தத் தலைமுறைகளைத் தாங்கிப் பிடித்தவை கிளப்புகள் அல்ல, துறைகள். ரயில்வே, காவல்துறை, ராணுவம், ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. சென்னையில் கைப்பந்து ரசிகனைக் கேட்டால் அணிகளின் பெயராக அலுவலகங்களின் பெயரைத்தான் அடுக்குவான்.

இந்த ஏற்பாடு நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பையன் பள்ளியில் உயரமாக இருக்கிறான். உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் படுகிறான். விளையாட்டு விடுதி, கல்லூரியில் இலவச இடம், பல்கலைக்கழக அணி. சான்றிதழ்கள் சேரும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் மதிப்பெண் உண்டு, மாநிலத்துக்கு ஒன்று, தேசத்துக்கு ஒன்று. இருபதிலிருந்து இருபத்திரண்டுக்குள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையில் பயிற்சி, நடுவில் அலுவலகம், மாலையில் மறுபடி பயிற்சி. போட்டி நாட்களில் பணிமேல் விடுப்பு. வார இறுதியில் மதுரைப் பக்கமோ நெல்லைப் பக்கமோ ஏதாவது கிராமத்தில் மின்னொளிப் போட்டி. அங்கே இவன் 'கெஸ்ட் பிளேயர்'. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் கொடுப்பார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு இறுதியாட்டம், ஒலிபெருக்கியில் ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள், வலையைச் சுற்றி விட்டில் பூச்சிகள். திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட அலுவலகத்தில் இருப்பான். சட்டப்படி அவன் எழுத்தர். உண்மையில் அவன் பிழைப்பு கைப்பந்து. மாதச் சம்பளம், கிராமத்துப் பணம் என்று அந்தப் பிழைப்புக்கு இரண்டு ஊதியம்.

இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. உலகத் தரத்துக்கு ஆட்டக்காரன் உருவாகாமல் போனதற்குத் துறை வேலையே காரணம் என்பார்கள். வேலை கிடைத்ததும் பசி அடங்கிவிடுகிறதாம். நான் அப்படி நினைக்கவில்லை. கைப்பந்துக்காரனின் உடம்பை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் வலை 2.43 மீட்டர் உயரம். அதற்கு மேல் பாதிக் கை தெரிய எழும்ப வேண்டும், ஒரு பயிற்சியில் நூற்றுக்கணக்கான முறை. எழும்புவதில் ஆபத்து குறைவு, இறங்குவதில்தான் இருக்கிறது. முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வருடக்கணக்கில் சிறிது சிறிதாக நைந்துபோகும். படி இறங்கும்போது வலிக்கும், உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். அந்த வலிக்கு மருத்துவத்தில் 'தாவுபவர் முட்டி' என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. அடுத்தது தோள்பட்டை. முப்பத்தைந்தைத் தாண்டி அறைபவர்கள் குறைவு. அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம் வேலைக்குப் போக வேண்டிய வயது மிச்சம் இருக்கிறது. விவசாயக் கூலியின் மகன் ஒருவன் இரண்டு முட்டியையும் கொடுத்து ஓய்வூதியம் உள்ள வேலையை வாங்கினான் என்றால் அது நியாயமான வியாபாரம். 2003-இல் தாய்லாந்தில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இந்தியா இறுதியாட்டம் வரை போய் பிரேசிலிடம் தோற்று வெள்ளி வாங்கியது. பிரேசில் பையன்களுக்கு அடுத்த படி ஊரிலேயே கிளப் கைப்பந்து, பிறகு ஐரோப்பா. நம் பையன்களுக்கு அடுத்த படி ஒதுக்கீட்டு வேலைக்கான விண்ணப்பம். குறை பையன்களிடம் இல்லை. விண்ணப்பத்துக்கு மாற்றாக அவர்கள் முன் வேறெதுவும் வைக்கப்படவில்லை.

வைக்க ஒரு முயற்சி நடந்தது. 2018 டிசம்பரில் புரோ வாலிபால் லீக்குக்கு ஏலம். ஆறு அணிகள். அதிக விலைக்குப் போனவர் செட்டர் ரஞ்சித் சிங், அகமதாபாத் அணிக்கு 13 லட்சம் ரூபாய். எடுத்துக் கொடுப்பவனுக்கே அதிக விலை என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. அதே மாதம் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை இந்தியாவுக்கு ஆடியிராத சென்னைச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி 8.4 கோடிக்குப் போனார். அறுபத்துநான்கு மடங்குக்கும் மேல்.

லீக் 2019 பிப்ரவரி 2 தொடங்கி 22-இல் முடிந்தது. கொச்சி, சென்னை இரண்டே ஊர்கள். 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கர் டேவிட் லீ கொச்சிக்கு ஆடினார். தொலைக்காட்சி நேரத்துக்காக ஒரு செட்டின் இருபத்தைந்து புள்ளியைப் பதினைந்தாக வெட்டினார்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. சர்வீஸ் போட்டவர் மட்டுமே புள்ளி எடுக்கலாம் என்றிருந்த பழைய விதியை உலகமே நூற்றாண்டுத் திருப்பத்தில் கைவிட்டதும் தொலைக்காட்சியை மனதில் வைத்துத்தான். இறுதியாட்டத்தில், அதுவரை ஒரு தோல்விகூடக் காணாத காலிகட் ஹீரோஸை சென்னை ஸ்பார்ட்டன்ஸ் நேர் செட்டுகளில் சாய்த்தது. நேரு உள்ளரங்கம் நிரம்பியிருந்தது.

பிறகு தேசியச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் மோதல். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. 2022-இல் பிரைம் வாலிபால் லீக் என்ற வேறு பெயரில், சம்மேளனத்தின் துணையில்லாமல் மறுபடி தொடங்கி இன்றுவரை நடக்கிறது. ஆட்டக்காரர்களின் விலையும் கூடியிருக்கிறது. ஆனால் பருவம் சில வாரம்தான். ஆண்டின் மிச்ச மாதங்களுக்கு ஆட்டக்காரன் திரும்பிப் போவது அதே ரயில்வேக்கும் அதே வங்கிக்கும்தான். லீக் துறைகளின் இடத்தைப் பிடிக்கவில்லை. துறைகள் மாதாமாதம் சம்பளம் கொடுத்துத் தயாராக வைத்திருக்கும் ஆட்களைச் சில வாரம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. பொதுத்துறையில் ஆள் எடுப்பது சுருங்கினால் லீக்குக்கும் ஒருநாள் ஆள் பஞ்சம் வரும் என்று சொன்னால் ஏலக்காரர்கள் சிரிப்பார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், முந்தைய முறை வெள்ளி வென்ற தென்கொரியாவை இந்தியா ஐந்தாவது செட்டில் 17-15 என்று வீழ்த்தியது. அந்த இரவில் லீக்கும் பங்கு கேட்கலாம். ஆட்களை வருடம் முழுக்கச் சோறு போட்டு வைத்திருந்த துறைகளுக்கும் பங்குண்டு.

மறுபடி எங்கள் ஊர்.

வலை விளையாட்டில் பினாங்குக்கென்று சொந்தப் பெருமை ஒன்று இருக்கிறது. வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டும் பழைய செப்பாக் ராகாவுக்குப் பூப்பந்துத் திடலின் வலையைக் கட்டி, இரு பக்கமாக நின்று மோதும் ஆட்டமாக மாற்றியவர்களில் முதன்மையாகச் சொல்லப்படும் பெயர் ஹமிட் மைதீன், இடம் பினாங்கு, ஆண்டு 1945. பெயரின் பின்பாதி நம் காதுக்குப் பழக்கமானது, அதை அப்படியே விட்டுவிடுகிறேன். கையால் ஆடும் கைப்பந்தின் காலால் ஆடும் தம்பி அது. 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் ஏறியது. மலேசியரின் 'செப்பாக்', தாய்லாந்தினரின் 'தக்ரோ' என்று இரு நாட்டுச் சொல்லையும் ஒட்டவைத்துப் பெயர் சூட்டினார்கள். 1990-இல் ஆசிய விளையாட்டுக்குள் வந்தது. 2014 முதல் தொலைக்காட்சியில் அதற்குத் தனி லீக். வலைக்கு மேல் தலைகீழாகச் சுழன்று உதைப்பவனுக்கு நம் நாட்டில் ஒரு சம்பள வழி திறந்தது. மூன்று பேர் போதும், பூப்பந்துத் திடல் போதும். செலவு குறைந்த ஆட்டம் முந்திக்கொண்டது.

கைப்பந்துக்கு நம் நாட்டில் இருப்பது பள்ளிப் போட்டிகளும், மாநிலங்கள் மோதும் மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவும். 1986-இல் தொடங்கிய சுக்மா 2000-இல் பினாங்கில் நடந்தது. மாநிலம் ஆட்டக்காரனைத் தேடிப் பிடிக்கும், பயிற்சி தரும், அலவன்ஸ் தரும். ஆனால் சுக்மா இளையோருக்கானது. இருபத்தொன்றைத் தாண்டினால் கதவு சாத்தப்படும். கைப்பந்தில் செட்டருக்குக் கண்ணும் விரலும் ஒன்றுசேர்வதே இருபத்தைந்துக்கு மேல். பழுக்கத் தொடங்கும்போது காயைப் பறித்துக் கீழே போடுகிறோம். பறித்துப் போட்ட பிறகு அவன் கல்லூரிக்கோ தொழிற்சாலைக்கோ போய்விடுகிறான். வார இறுதியில் பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடுகிறான். அவனிடம் இபிஎஃப் கேட்டால் "பிடிக்கிறாங்க" என்பான், வேறு வேலைக்காக.

மலாக்கா நீரிணையைத் தாண்டினால் நிலைமை வேறு. இந்தோனேசியாவில் புரோலிகா என்ற கைப்பந்து லீக் 2002 முதல் நடக்கிறது. கிழக்கு ஜாவாவின் ஜெம்பரில் பிறந்த மெகாவத்தி ஹாங்கெஸ்த்ரி அங்கே ஆடி வளர்ந்தவர். தென்கொரிய லீக் 2023-இல் ஆசிய நாட்டவருக்கென்று அணிக்கு ஓர் இடம் ஒதுக்கியது. முதல் ஆண்டு அந்த இடத்துக்குச் சம்பளம் ஒரு லட்சம் அமெரிக்க டாலர். ரெட் ஸ்பார்க்ஸ் அணி மெகாவத்தியை எடுத்தது. தலையில் முக்காடு, கையில் இடி. கொரியக் கிழவிகள் அவர் பெயரைக் கத்தினார்கள். இரண்டாவது பருவத்தில் அணி இறுதிப் போட்டி வரை போனது. ஜிம்மி ஒருவர் மட்டும் தன் வீட்டிலிருந்த அணியின் பலத்தில் தாண்டிய கடலை, மெகாவத்தி ஊரில் இருபதாண்டுகளாக நடக்கும் லீக்கின் பலத்தில் தாண்டினார். இரண்டில் எது திரும்பவும் நடக்கும் என்பது சொல்லாமலே தெரியும். எட்டு ஆண் பிள்ளைகளும் கைப்பந்து ஆடும் இன்னொரு குடும்பத்துக்கு யாரும் காத்திருக்க முடியாது.

பாயான் லெப்பாஸ் விடுதியில் இந்தோனேசியப் பெண்கள் சிலர் திட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தியின் கைப்பேசித் திரையில் மெகாவத்தி எழும்பி நின்ற படம் இருந்தது. யார் என்று தெரியாதவனைப் போல் கேட்டேன். "எங்க ஊர்ப் பொண்ணு, கொரியாவில வேலை" என்றாள் மலாயில். 'கெர்ஜா' என்ற சொல்லைத்தான் போட்டாள், விளையாடுகிறாள் என்று சொல்லவில்லை.

ஆறேகாலுக்கு நேப்பாளி செட்டர் வலையின் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். ஏழு மணிக்கு இரவு ஷிப்டு, பன்னிரண்டு மணிநேரம். விரலில் சுற்றிய பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துப் பிரித்தார். தொழிற்சாலையில் கையுறை போட வேண்டும், பிளாஸ்திரி இருந்தால் விரல் நுழையாது என்றார். வலையைச் சுருட்டி உரச்சாக்கில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தார். படியிறங்கும்போது வலது காலை முதலில் வைத்து, அந்த முட்டியை மடக்காமல் இறங்கினார்.